லிங்ஷான்: சீனத்துக் குன்றொன்றில் இரு கப்றுகள்



சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியான் மாகாணத்தில், சுவான்சோ என்னும் துறைமுக நகரம் இருக்கின்றது. அறபு வணிகர்கள் அதனை 'ஸைத்தூன்' என்றழைத்தனர். 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா வந்திறங்கியதும் இத்துறையிலேதான். ஹிஜ்ரி 400இல் கட்டப்பட்டதாகக் கல்வெட்டுக் கூறும் கற்பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கின்றது.

நகரின் கிழக்கே உள்ளது லிங்ஷான். 'புனித மலை' என்பது அதன் பொருள். பெயர்தான் மலை, உண்மையில் சிறு குன்று. படியேறிச் சென்றால், அரைவட்டமாய் அமைந்த கற்றூண் மண்டபத்தின் முன்னே இரு கற்கப்றுகள் அருகருகே இருப்பதைக் காண்பீர்கள். தாங் அரச காலத்தில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தீனை எடுத்துச் சொல்ல வந்த ஸஹாபாக்கள் இருவர் இங்கே அடக்கப்பட்டனர் என்பது அவ்வூரார் வழிவழியாய்ச் சொல்லிவரும் செய்தி. வரலாற்றாசிரியர்கள் பலர் இதனை ஏற்பதில்லை. எனவே, 'சொல்லப்படுகிறது' என்ற அளவோடு நாமும் நின்றுகொள்வோம். ஆனால் ஹிஜ்ரி 722இல் அங்குள்ள முஸ்லிம்கள் இக்கப்றுகளைச் செப்பனிட்டதை அறபுக் கல்வெட்டொன்று உறுதியாகச் சொல்கின்றது.

அருகே இன்னொரு கல். 1417இல் ஹோர்முஸ் நோக்கிப் புறப்படுமுன் கடற்றளபதி செங் ஹோ இங்கு வந்து சென்றதை அது கூறும். இவர் யுன்னான் மாகாணத்து முஸ்லிம் குடும்பத்தில், ஹாஜி ஒருவரின் மகனாய்ப் பிறந்தவர். நமக்கும் இவர் அந்நியரல்லர். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, கொழும்பு நூதனசாலையில் வைக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட இவருடைய கல்வெட்டே. சீனம், தமிழ், பாரசீகம் என்பனவே அம்மூன்று மொழிகள்.

சகோதரிகளே, கப்றுகளைக் காண்பது மறுமையை நினைவூட்டும் என்பது நாமறிந்தது. லிங்ஷான் இன்னொன்றையும் நினைவூட்டுகின்றது.

1357 முதல் 1366 வரை நடந்த கலகத்திலே அந்நகர முஸ்லிம்கள் சிதறுண்டனர். எஞ்சியோரில் ஒரு சாரார் 'டிங்' குடும்பத்தினர். 'தீன்' என்று முடியும் முன்னோர் பெயரிலிருந்தே இப்பெயர் வந்தது என்பர். அக்குடும்பத்து அறிஞரொருவர் மிங் அரச காலத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்தார். தம் சிறுவயதில் மையித்தைத் துணியால் கபனிட்டுப் பெட்டியின்றி அடக்கியதையும், நோன்பு நோற்றதையும், தாமே அறுத்த இறைச்சியை மட்டும் உண்டதையும், பின்னர் அவை ஒவ்வொன்றாய் மாறிப்போனதையும் அதில் சொல்கிறார்.

இன்று சுவான்சோவுக்குத் தெற்கேயுள்ள சென்டாய் ஊரில் அவர்களின் வழித்தோன்றல்கள் பல்லாயிரம் பேர் வாழ்கின்றனர். பலரிடம் தொழுகை இல்லை, கலிமா இல்லை. ஆயினும் முன்னோருக்கு வைக்கும் படையலில் பன்றியிறைச்சி சேர்க்கக் கூடாதென்ற வழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

எண்ணிப் பாருங்கள்! ஒரே நாளில் எவரும் தீனை விட்டுவிடவில்லை. முதலில் ஓதல் குறைந்திருக்கும். பிறகு, ஏன் செய்கிறோம் என்பது மறந்திருக்கும். கடைசியில் வழக்கம் மட்டுமே தங்கியிருக்கும். நம் வீட்டுப் பிள்ளை "உம்மா, இதை நாம ஏன் செய்யிறோம்?" என்று கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டாதீர்கள். அடுப்படி வேலையைச் சற்றே நிறுத்திவிட்டுக் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். நம் வீடுகளில் பெயரோடு தீனும் நிலைக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.