யாரைக் கூப்பிடுவது?

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் இரவு எங்கள் வீட்டுக் கொல்லையில் திருடன் புகுந்துவிட்டான். அம்மா அப்பாவைக்கூட எழுப்பவில்லை. "போலீஸ்! போலீஸ்!" என்றுதான் அலறினாள்.

அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தில் 2010-ல் ஒரு சட்டம் செய்தார்கள். உள்ளூர்ப் போலீஸார் ஒருவரை நிறுத்தி விசாரிக்கையில், அவர் அனுமதியின்றிக் குடியேறியவரோ என்று தக்க சந்தேகம் எழுந்தால், அதையும் விசாரிக்க வேண்டுமாம். 2012-ல் சுப்ரீம் கோர்ட் அச்சட்டத்தின் மூன்று பிரிவுகளைத் தள்ளிவிட்டு, இதை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது.

எல்லைக்குக் காவல் வேண்டியதுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் தெருக் கான்ஸ்டேபிளே காகிதம் கேட்பாரென்றால், காகிதமில்லாத ஒருத்தி, புருஷன் அடிக்கும்போது அவரைக் கூப்பிடத் துணிவாளா? திருடனைக் கண்டாலும் வாயைப் பொத்திக்கொள்வாள். அவன் அடுத்த வீட்டுக்கு வர எத்தனை நேரமாகும்?

அன்று ஓடி வந்த கான்ஸ்டேபிள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "யாருக்கும் அடிபடவில்லையே, அம்மா?"