கவாத்து மாதம்

கார்த்திகை பிறந்து பத்து நாள் கழித்து வலையங்குளம் பக்கம் போனால், மல்லித் தோட்டங்கள் மொட்டையடித்துக் கிடக்கும். அருப்புக்கோட்டை சாலையிலிருந்து இறங்கி நான் போன தோட்டத்தில் கவாத்து பாதி முடிந்திருந்தது. இடுப்பளவுச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தன.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டுவது. தோட்டக்காரருக்கு முழங்கால்தான் அளவு. முன்கூட்டியே தண்ணீர் கட்டியிருந்தார். காய்ந்த குச்சி, நோய் விழுந்த கிளை, போன பருவத்தில் பூத்து ஓய்ந்த கிளை எதையும் விட்டுவைப்பதில்லை. "வெட்டு நறுக்குன்னு விழணும் தம்பி. நார் உரிஞ்சுச்சுன்னா அது வழியாவே பட்டுப்போகும்" என்றவர், மழுங்கிய கத்தரியோடு நின்ற பையனை அதட்டி, வாங்கித் தானே தீட்டிக் கொடுத்தார். பிறகு தூரைச் சுற்றிக் கொத்தி, செடிக்குப் பத்து கிலோ தொழுவுரம் வைத்து மண் அணைக்கிறார்கள். ரசாயன உரத்தில் பாதி இப்போது. மீதி ஆனி, ஆடியில்.

இந்த வெட்டு செடிக்கு ஓய்வு கொடுக்கத்தான். அமெரிக்காவின் கரோலினா சதுப்பில் வளரும் வீனஸ் பூச்சிப்பொறி, குளிர் வந்ததும் தானே இலையைச் சுருக்கி உறங்கிவிடும். மதுரையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மல்லி முழுசாக உறங்காது. பனியில் சிறுத்த மொட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துக்கொண்டே இருக்கும். உறங்கவைப்பது கத்தரிதான்.

சோதனையும் அங்கேதான். வரத்து குறைந்த அந்த நாட்களில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுவது புதிதல்ல. கைப்பிடி மொட்டும் காசாகும்போது எவன் வெட்டுவான்? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெட்டவில்லை. "தைப்பொங்கலுக்கு ரெண்டு கிலோ எடுப்பாரு. பங்குனி, சித்திரையில செடி பல்லிளிக்கும்" என்று சிரித்தார் இவர். கத்தரி பிடிப்பதைவிட இந்த இரண்டு மாதம் மனசைப் பிடித்துவைப்பதுதான் பெரிய தொழில் என்று எனக்குப் பட்டது.

ஆனால் பூ எடுக்கும் பெண்களுக்கு, வெட்டுவதா விடுவதா என்ற அந்தத் தேர்வே கிடையாது. விடியுமுன் மொட்டெடுத்து, கிலோ கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் அவர்கள். கவாத்து ஆண்களின் வேலை. வெட்டிய குச்சியை விறகுக்குக் கட்டிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "செடிக்கு ஓய்வு, எங்களுக்கு வட்டிக்கடை" என்றார். மார்க்கெட்டில் விலை ஏறும் செய்தி தொலைக்காட்சியில் ஓடும் அதே வாரங்களில்தான் இவர்களுக்கு வருமானம் இல்லை. மாசியில் துளிர்விட்டு மொட்டுப் பிடித்த பிறகுதான் கைக்குக் கூலி வரும்.

2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவின் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. எடுக்கும் கைகளுக்கும் ஏதாவது செய்யலாம்: ஊரக வேலைத்திட்டத்தின் நாட்களை வலையங்குளம் போன்ற மல்லி ஊர்களில் மார்கழிக்கும் தைக்கும் ஒதுக்கிவையுங்கள். மாவட்ட நிர்வாகம் மனசு வைத்தால் முடிகிற காரியம் இது.