நாலு பாட்டிகளும் ஒரு கடற்கரை ரோடும்

செமஸ்டர் ஒருவழியாக முடிந்துவிட்டது. இந்தத் தடவை சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. அறுபது வயதுக்கு மேல் உடம்பைக் குறைக்க முடியுமா என்பதுதான் விஷயம். "நமக்கு இன்னும் இருபத்தொண்ணே ஆகல, நமக்கெதுக்குடா இது?" என்று வகுப்பு நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. உங்கள் வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள் இல்லையா? அவர்களுக்காகப் படியுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக எங்கள் ஊரைப் பற்றி இரண்டு வரி. தேங்காய்ப்பட்டணம் குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் இருக்கிறது. குழித்துறைத் தாமிரபரணி ஆறு அரபிக்கடலில் சேரும் பொழிமுகம் எங்கள் ஊரில்தான். எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் பிறந்த ஊர் என்றால் சிலருக்குச் சட்டென்று தெரியும். ஊர் பெயரிலேயே தேங்காய் இருக்கிறது, சாப்பாட்டில் இல்லாமல் போகுமா? மீன் கறியில் தேங்காய், அவியலில் தேங்காய், புட்டில் தேங்காய், மரச்சீனிக் கிழங்கு மயக்கினால் அதிலும் தேங்காய். இதைச் சாப்பிட்டு வளர்ந்தவரிடம் போய் "உடம்பைக் குறை" என்று சொல்வது லேசான காரியம் இல்லை.

என் பாட்டிக்கு வயது 66. உயரம் 154 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. கணக்குப் போட்டால் பி.எம்.ஐ. 31 வருகிறது. இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களுக்கு இந்தக் கோடு 25, 30. நம் ஆட்களுக்கு ஏன் குறைவு என்றால், அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு, அதுவும் வயிற்றைச் சுற்றியே சேர்கிறது. சர்க்கரை சீக்கிரம் வருவதற்கும் இது ஒரு காரணம். பாட்டிக்கும் சர்க்கரை உண்டு. மூட்டு வலியும் உண்டு.

ஆனால் வீட்டில் பிரச்சினை கிளம்பியது கிலோவினால் இல்லை. ஒரு நாள் பாட்டி பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, போன் வீட்டுக்குள் இருந்தது. பால் ஊற்ற ஆள் வரும் வரைக்கும் ஒன்றரை மணி நேரம் தரையிலேயே இருந்திருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டதும் வளைகுடாவில் இருக்கும் மாமா முடிவே எடுத்துவிட்டார். "வீட்டைப் பூட்டிட்டு நாகர்கோவில்ல தங்கச்சிகூட வந்து இரும்மா." பாட்டி நாற்பத்தைந்து வருடமாக இருக்கும் வீடு. பாட்டா கட்டிய வீடு. போக மாட்டேன் என்றார். ஆனால் அடுத்த முறை விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை.

டாக்டர் நடக்கச் சொன்னார். அம்மா நடக்கச் சொன்னாள். மாமா வீடியோ காலில் தினமும் நடக்கச் சொன்னார். நான் என் பங்குக்கு ஃபௌஜா சிங் கதையைச் சொன்னேன். பாஸ்போர்ட்டின்படி 1911-ல் பிறந்தவர், 2000-ல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது வயது 89, 2011-ல் டொராண்டோவில் நூறு வயதில் முழு மாரத்தானை முடித்தவர். 2025 ஜூலையில் பஞ்சாபில் சொந்த ஊர்ப் பக்கம் வாகனம் மோதி இறக்கும்போது 114. பாட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்குக் கோட்டி மக்களே" என்று முடித்துவிட்டார்!

பிறகு ஒரு நாள் நேராகவே கேட்டேன். ஏன் பாட்டி நடக்க மாட்டேங்குறீங்க?

"தனியா நடந்தா பாக்கியவன் எல்லாம் எங்க போறே, என்ன ஏதுன்னு கேப்பான். எத்தன பேருக்குப் பதில் சொல்லுது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எங்கள் ஊரில் ஒரு வயதான பெண் ரோட்டில் போனால் ஒரு காரணம் இருக்க வேண்டும். சந்தை, ஆஸ்பத்திரி, கோயில், கல்யாண வீடு, துட்டி வீடு. சும்மா நடப்பது என்று ஒரு வேலை அவர்கள் அகராதியிலேயே கிடையாது. சோம்பேறித்தனம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னது உண்மையில் கூச்சம். கூச்சத்துக்கு மருந்து அறிவுரை இல்லை, ஆள் துணை.

துணை தற்செயலாகத்தான் கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள், தேவைப்பட்டால் பிசியோதெரபியும் உண்டு. அப்படி வந்த பெண், பாட்டிக்கும் பக்கத்து வீட்டு மைனிக்கும் எங்கள் திண்ணையில் வைத்தே ஒரே நேரத்தில் சர்க்கரை பார்த்தார். பாட்டிக்கு அதிகம். மைனிக்கு அதைவிட அதிகம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை பாங்கு சத்தம் கேட்டுக் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ரோட்டில் இருந்தார்கள். ஒரு வாரத்தில் மூன்றாவது ஆள். அடுத்த மாதம் நாலு.

நாலு பேர் சேர்ந்து போனால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும் நாலு பேரில் ஒருவராவது நறுக்கென்று பதில் சொல்லிவிடுவார்!

அவர்களாகவே சில சட்டங்கள் வைத்துக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

1. ஒருவர் வரவில்லை என்றால் மற்ற மூவரும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். திட்டக் கூடாது, சும்மா நிற்க வேண்டும்.
2. கால் வலிக்கிறவர் வேகம்தான் எல்லோருடைய வேகம்.
3. மாதம் ஒரு முறை எடை பார்ப்பது. எண் நாலு பேருக்குள் மட்டும். வீட்டில் சொல்லக் கூடாது.
4. துட்டி, காய்ச்சல், பேரப்பிள்ளை வருகை, இதற்கெல்லாம் லீவு உண்டு. ஆனால் லீவு முடிந்த மறுநாள் வந்தே ஆக வேண்டும்.

நான்காவது சட்டம்தான் பெரிய சட்டம் என்று நினைக்கிறேன். நாமெல்லாம் ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு ஒரு வாரம் போகாவிட்டால் அத்தோடு விட்டுவிடுவோம் இல்லையா? விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். திரும்ப வர ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

இனி கொஞ்சம் படிப்பு விஷயம். வயதானவர்கள் வெறும் பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் ஒரு ஆபத்து இருக்கிறது. ஐம்பதுக்கு மேல் தசை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் தானாகவே குறைகிறது. அந்த நேரத்தில் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் குறைகிற எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தசையாகப் போய்விடும். எலும்பும் மெலியும். தராசில் சந்தோஷம், தரையில் இருந்து எழ முடியாத துக்கம்! அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, பருமனான 107 பேரை வைத்து ஒரு வருடம் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள் 10 சதவீத எடை குறைந்தார்கள். சாப்பாட்டோடு உடற்பயிற்சியும் சேர்த்தவர்கள் 9 சதவீதம். ஆனால் உடம்பின் செயல்திறன் முதல் குழுவுக்கு 12 சதவீதமும் இரண்டாவது குழுவுக்கு 21 சதவீதமும் கூடியது. தசை இழப்பும் இரண்டாவது குழுவுக்குத்தான் குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னதும் இதுதான்: வாரம் குறைந்தது 150 நிமிடம் நடை, இரண்டு நாளாவது தசைக்கு வேலை, 65-க்கு மேல் என்றால் மூன்று நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும்.

பாட்டிகளுக்கு இதைப் பிசியோதெரபி பார்க்க வந்தவர் எளிதாகச் சொல்லிக் கொடுத்தார். கையை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து பத்து முறை எழுந்து உட்காருவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. முதல் நாள் பாட்டியால் மூன்று முறைதான் எழ முடிந்தது.

சாப்பாட்டில் என்ன மாற்றினார்கள்? தேங்காயை விடச் சொல்லியிருந்தால் கூட்டமே கலைந்திருக்கும். கறியில் தேங்காய் அப்படியே இருக்கிறது. மீனைப் பொரிப்பது வாரம் ஒரு நாளாகியது. சாளையும் அயிலையும் கறியாகவே அதிகம் வந்தது. மரச்சீனியும் சோறும் பாதியாகி, மீனும் சிறுபயறும் முட்டையும் கூடியது. சாயாவுக்குச் சீனி இல்லை. இராத்திரிச் சாப்பாடு சீரியல் முடிந்து என்பது போய் ஏழரைக்கு முன்னால் என்றானது. நாலு மணிக்கு ஏத்தம்பழ பஜ்ஜி மட்டும் நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான் நின்றது :-)

பதினாலு மாதத்தில் பாட்டி 74-ல் இருந்து 67.5 கிலோவுக்கு வந்திருக்கிறார். இப்போதும் பி.எம்.ஐ. கணக்கில் பருமன்தான். ஆனால் டாக்டர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், பாட்டியால் ஒரு கையை மட்டும் ஊன்றித் தரையில் இருந்து எழ முடிகிறது. இதை அவர் வீடியோ காலில் மாமாவுக்குச் செய்தே காட்டினார். வீட்டைப் பூட்டும் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. எல்லோருக்கும் இப்படி நடந்ததா என்றால் இல்லை. ஒருவர் மகளோடு திருவனந்தபுரம் போய்விட்டார். இன்னொருவருக்கு எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை, ஆனால் பஸ் படி ஏறும்போது யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை.

நாலு பாட்டிகளின் கதையை வைத்துப் பெரிய முடிவுக்கு வரலாமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தேடிப் பார்த்தால் பெரிய அளவில் செய்த சோதனை எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை தாலுகா. அங்கே கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்று 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், சர்க்கரை வரும் ஆபத்து அதிகமுள்ள 1007 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பகுதிகளில் ஒரு வருடத்துக்கு 15 குழுக் கூட்டங்கள். பெரும்பாலான கூட்டங்களை நடத்தியது டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள். முடிவு 2018-ல் வெளிவந்தது. இரண்டு வருடத்தில் சர்க்கரை வந்தவர்கள் குழுவில் 14.9 சதவீதம், மற்றவர்களில் 17.1 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் குழுவில் இருந்தவர்கள் காய்கறி, பழம் அதிகம் சாப்பிட்டார்கள், குடி குறைந்தது, உடம்பால் செய்யும் வேலைகள் சுலபமானதாகச் சொன்னார்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் 30 முதல் 60 வயது வரைதான், எங்கள் பாட்டிகளுக்கு இடம் கிடைத்திருக்காது.

சென்னை திருமங்கலம் ஆசியாட் காலனி கதையும் உண்டு. டாக்டர் வி. மோகன் குழுவினர் 1990களின் பிற்பகுதியில் அங்கே ஆய்வு செய்து, சர்க்கரையைப் பற்றி விளக்கிச் சொன்னார்கள். காலனிக்காரர்கள் தாங்களே பணம் போட்டு நடப்பதற்கு ஒரு பூங்கா கட்டிவிட்டார்கள்! ஏழு வருடம் கழித்துப் பார்த்தபோது, வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்கிறவர்கள் 14 சதவீதத்தில் இருந்து ஏறத்தாழ 59 சதவீதமாகியிருந்தார்கள்.

ஆக, கூட்டு சேர்ந்தால் சர்க்கரை பறந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டு சேர்ந்தால் மனிதர்கள் விடாமல் செய்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வயதில் அதுவே பெரிய விஷயம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பாட்டியிடம் "நடங்க, நடங்க" என்று சொல்லாதீர்கள். அவர்கள் அதை ஆயிரம் தடவை கேட்டாயிற்று. அதற்குப் பதிலாக அடுத்த தெருவில் இன்னொரு பாட்டி யார் இருக்கிறார் என்று பாருங்கள். இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ இருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு நீண்ட தூரம் போகக் கூடாது. சேலையோ நைட்டியோ எதுவானாலும் சரி, காலில் மட்டும் வழுக்காத செருப்பு வேண்டும். இந்த மூன்றையும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும், மற்றதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்வார்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் இருந்தால் சொல்லுங்கள், பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறேன்.