புரட்டாசியில் காரைக்குடிக்கு

தீபாவளிக் கூட்டம் சாங்கியில் வரிசை பிடிக்குமுன், புரட்டாசியிலேயே ஊருக்குக் கிளம்பிவிடுவேன். பலர் அந்த மாதம் கல்யாணம் வைப்பதில்லை. காரைக்குடியில் அறை எளிதாகக் கிடைக்கும். ஐப்பசி அடைமழையும் தொடங்கியிருக்காது.

திருச்சிக்கு நேரடி விமானம். அங்கிருந்து புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பேருந்தே போதும்.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குகள், பர்மாத் தேக்குப் பெட்டிகள், பித்தளைப் பூட்டுகள் என்று எல்லாம் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை. நம் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் கப்பலேற்றி அனுப்பியதும் சில இருக்கலாம். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடியபின், குவியலைக் கிளறும் சுகம் எனக்கு இங்கேதான்.

கடைக்காரர் “நூறு வருஷத்துக்கு மேலே பழசு” என்றால் உஷாராகுங்கள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மதிப்புள்ள ஓலைச்சுவடிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டு. சந்தேகமான பொருளுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழ் வேண்டும். நான்கு நாள் பயணத்தில் அதற்கு நேரமேது? தந்தத்தைத் தொடவே வேண்டாம்.

ஆகவே நான் எனாமலோடு நிறுத்திக்கொள்வேன். இலேசானது, புடவைக்குள் சுற்றி வைக்கலாம். ரசீது கட்டாயம். 48 மணி நேரம் வெளியே இருந்துவிட்டுத் திரும்பும் சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு 500 வெள்ளி வரை பொருள் சேவை வரி கிடையாது. வேலை அனுமதியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அதையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.