கையெழுத்துக்கு முன்னாடி ஒரு டீ!

ஹாஸ்டல் சாப்பாடு அலுத்துப் போச்சு, நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து வெளியே வீடு பார்க்கிறீங்களா பாஸ்? வாழ்த்துகள்! மொட்டை மாடி உண்டா, பைக் நிறுத்த இடம் இருக்கான்னு எல்லாம் பார்ப்பீங்க. ஹவுஸ் ஓனர் நீட்டுற ஸ்டாம்ப் பேப்பரை மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுவீங்க. அங்கேதான் இருக்கு மேட்டரே!

எனக்குச் சொந்த ஊர் கடையநல்லூர். அங்கே பல ஓனர்கள் வளைகுடா நாட்டில் இருப்பாங்க, சாவி சொந்தக்காரங்க கையில் இருக்கும். ஒத்தியோ வாடகையோ, வாய் வார்த்தைதான் பத்திரம். 'எழுதிக் கொடுங்க மாமா'ன்னு கேட்டா, 'என் மேல நம்பிக்கை இல்லையா?'ன்னு முகம் சுருங்கிடும்.

சென்னையில் கதையே வேற. இன்டர்ன்ஷிப்புக்காக நாங்க நாலு பேர் பார்த்த வீட்டுக்கு வாடகை 12,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாசம்! ஆளுக்கு 30,000. எங்க வாப்பா ரெண்டு மாசம் சேர்த்து அனுப்புற பணம் அது. போதாததுக்கு, காலி பண்ணும்போது பெயின்ட்டுக்காக ஒரு மாச வாடகை பிடித்தம்னு ஒரு வரி வேற.

'ஒரு டீ குடிச்சுட்டு வர்றோம் சார்'னு பேப்பரோட வெளியே வந்து, மொபைலில் சட்டத்தைத் தேடினோம். 1960-ம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலா தமிழ்நாட்டில் 2017-ல் புதுச் சட்டம் போட்டாங்க. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கு. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். 'பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு?'ங்கிற பழைய பேச்சு இங்கே எடுபடாது. காலி செய்த ஒரு மாசத்துக்குள், நாம தரவேண்டிய பாக்கி போக அட்வான்ஸைத் திருப்பித் தரணும். வாடகையை ஏத்தணும்னா மூணு மாசம் முன்னாடியே எழுத்தில் சொல்லணும். தகராறுன்னு தண்ணியையும் கரன்ட்டையும் நிறுத்தக் கூடாது. வெள்ளையடிக்கிறது ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் ரிப்பேர் எல்லாம் நம்ம தலையில்.

அட்வான்ஸ்? மூணு மாச வாடகைக்கு மேல கூடாது. ஆஹான்னு குதிக்காதீங்க, புரோகிராமில் வர்ற 'இஃப்' கண்டிஷன் மாதிரி ஒரு கொக்கி இருக்கு. 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால்'தான் அந்த மூணு மாசக் கணக்கு! பத்து மாசம்னு எழுதின பேப்பரில் நாம கையெழுத்துப் போட்டா, சட்டம் கொடுத்த பாதுகாப்பை நாமே வேண்டாம்னு சொன்ன மாதிரி.

டீயை முடிச்சுட்டுப் போய் மரியாதையாவே பேசினோம். ஓனர் முதலில் முறைச்சார். அரை மணி நேரப் பேச்சில் பத்து, அஞ்சாச்சு. பெயின்ட் வரியை அவரே பேனாவால அடிச்சார். பதிலுக்கு, அனுமதி இல்லாம அஞ்சாவது ஆளைச் சேர்க்க மாட்டோம்னு எழுதிக் கொடுத்தோம். அவர் பயம் அவருக்கு!

ஆக மக்களே, வாடகைக்கு ரசீது கேளுங்க. குடிபோகிற அன்னைக்கே சுவர், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஓனருக்கும் அனுப்புங்க. எழுதிக் கேட்கிறது சந்தேகப்படுறது இல்லை. நாளைக்கு ரெண்டு பேரும் சண்டை போடாம இருக்க, இன்னைக்கே பேசி வைக்கிறது. அவ்வளவுதான்!