பல் படாமல் ஊதுவது

மவுத்பீஸை மட்டும் தனியாகக் கழற்றி ஊதினால் வாத்து கத்துவது மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பிடிக்காது. ஆனால் வாசிப்பவரின் வாய் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது அந்தச் சத்தத்தில் அப்படியே தெரிந்துவிடும். ஆல்ட்டோ சாக்ஸபோன் என்றால் அது ‘ஏ’ சுரத்தில், சுமார் 880 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும் என்பார்கள். ஜாஸ்காரர்கள் இன்னும் கொஞ்சம் கீழே வைத்துக்கொள்வதும் உண்டு. போனில் டியூனரைத் திறந்துவைத்து ஊதிப் பாருங்கள். முள் மேலே ஏறிக்கொண்டே போனால் தாடை ரீடை நெரிக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் மாஸ்டர் சொல்லித்தந்தது எல்லா ஊரிலும் சொல்லித்தரும் பிடிதான். மேல்பல் மவுத்பீஸின் முதுகில் உட்காரும். கீழுதடு கீழ்ப்பல்லின் மேல் லேசாக மடங்கி, மெத்தை மாதிரி ரீடைத் தாங்கும். வாயோரங்கள் காற்று கசியாமல் சேர்ந்து மூடும். எழுதினால் மூன்று வரி. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது சுரம் வருமா வராதா என்று ஒரு பயம் வரும் பாருங்கள், அங்கேதான் தாடை கடிக்க ஆரம்பிக்கும். சுரம் வந்துவிடும். ஆனால் மெலிந்து, கொஞ்சம் ஷார்ப்பாக வரும். ஒரு மணி நேரம் கழித்து கண்ணாடியில் பார்த்தால் கீழுதட்டின் உள்பக்கம் பல்வரிசை அச்சாகப் பதிந்திருக்கும்.

போன வருஷம் ஆனிக் கடைசியில், நாய் ஒன்று குறுக்கே வந்து பைக்கிலிருந்து விழுந்தேன். மேல் முன்பல் ஒன்று பாதி போனது. பக்கத்துப் பல் ஆடியது. “அந்தப் பல்லுல எதையும் அழுத்தக் கூடாது” என்றார் டாக்டர். கல்யாண ரிசப்ஷன்களில் வாசித்துத்தான் வாடகை கொடுக்கிறேன். ஆடி மாதம் பேண்டுக்காரர்களுக்கு எப்படியும் லீவு. ஆவணியில் ஏழு நிகழ்ச்சிகளுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது.

மாஸ்டரின் அப்பா நாகஸ்வரக்காரர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, “மேலுதட்டையும் உள்ள மடிச்சுக்கோ. பல்லே இல்லேன்னு நெனச்சு ஊது. நாயனக்காரங்க சீவாளியைப் பல்லாலயா கடிக்கிறாங்க?” என்றார். இதற்கு டபுள் லிப் என்று பெயர். பழைய கிளாரினெட்காரர்கள் பலர் இப்படித்தான் வாசித்தார்கள். டாக்டரிடம் கேட்டேன். ஆடுகிற பல் கெட்டிப்பட்ட பிறகு, வலித்தால் உடனே நிறுத்த வேண்டும் என்ற கண்டிப்போடு சம்மதித்தார்.

முதல் நாள் நாலு நிமிஷம்தான். மேலுதடு மரத்துப்போய்விட்டது. பல் பிடிமானம் இல்லாததால் மவுத்பீஸ் வாய்க்குள் அலைந்தது. கழுத்துப்பட்டையை ஏற்றி, வலது கட்டைவிரலால் தாங்கித்தான் நிறுத்த முடிந்தது. 3ஆம் நம்பர் ரீடை விட்டுவிட்டு 2க்கு இறங்கினேன். இதில் ஒரு வேடிக்கை: கடித்தால் முதலில் வலிப்பது நம் உதடுதான். எனவே யாரும் சொல்லாமலே தாடை தளர்ந்துவிடுகிறது. ஒரு சுரத்தைப் பன்னிரண்டு எண்ணும்வரை நீட்டுவது, பிறகு ஓவர்டோன். அதாவது அடி பி-ஃபிளாட்டுக்கு விரல்களை வைத்துக்கொண்டு, எந்தக் கீயையும் மாற்றாமல், தொண்டையையும் நாக்கையும் மட்டும் அசைத்து மேல் ஸ்தாயியை எடுப்பது, அப்புறம் அதன் பஞ்சமம். நெரித்த வாய்க்கு இது கீச்சென்று கத்தும். ஆடி முடிவதற்குள் பஞ்சமம் வரை வந்துவிட்டேன்.

அந்த நாட்களில் கத்ரி கோபால்நாத்தின் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவரும் நாகஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர். நாகஸ்வரத்தில் துளையை விரலால் பாதி மூடிச் சுரத்தை வழுக்கவிடலாம். சாக்ஸபோனில் துளையை மூடுவது விரல் அல்ல, கீயின் அடியிலிருக்கும் தோல் பட்டை. அதனால் கமகத்தில் பெரும்பங்கை உதடும் தாடையும் தொண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். உதட்டைத் தளர்த்தினால் சுரம் கீழே வளையும், மேலே தள்ளுவதற்கு அவ்வளவாக இடம் கிடையாது. ஏற்கெனவே இறுக்கிப் பிடித்த வாயில் கமகம் எங்கே போய் அசையும்?

ஆவணி முதல் ரிசப்ஷனில், வழக்கம்போல யாரோ 1994இல் வந்த ‘டூயட்’ பாட்டைக் கேட்டார்கள். வாசித்தேன். அடிச் சுரங்கள் இதுவரை என்னிடம் இல்லாத அகலத்தில் வந்தன. கீபோர்டு அண்ணன் மட்டும் திரும்பி, “தம்பி, சவுண்டு கம்மியா இருக்குடா” என்றார். உண்மைதான், கொஞ்சம் மென்மையாகிவிடுகிறது. இப்போது பல்லுக்குத் தொப்பி போட்டாயிற்று. பழைய பிடிக்கே போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குத்துப்பாட்டு வந்தால் போகிறேன், மற்றதற்கெல்லாம் இல்லை. அண்ணன் இன்னும் அதையேதான் சொல்கிறார். நான் மைக்கை நாலு விரற்கடை கிட்டே இழுத்துவைத்துக்கொள்கிறேன்.