ஏழு அடித் தூரம்

ஒரு பொருளைக் காண்பது வேறு. அதனைத் தெளிவாகக் காண முயல்வது வேறு. கண் நலமாயுள்ளோர் இவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் உணர்வதில்லை. கண்ணினுள்ளே இருக்கும் வில்லை தானாகவே தடித்தும் மெலிந்தும் அண்மையையும் சேய்மையையும் நமக்குத் தெளிவாக்கித் தருகின்றது. இன்றைய கமராக்களும் ஏறத்தாழ அவ்வாறே ஆகிவிட்டன. பொத்தானைப் பாதி அழுத்தியதும் அவை மனித முகத்தையும், முகத்திலே கண்ணையும் தாமே தேடிக் கண்டுகொள்கின்றன. இந்நிலையில், ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய வில்லையொன்றைப் புதிய டிஜிற்றல் கமராவிற் பூட்டி, அதன் வளையத்தைக் கையினால் திருப்பிக் குவியம் தேடுபவனைப் பழமைப் பித்தன் என்று பிறர் கூறின் அதில் வியப்பில்லை. என்னையும் நண்பர்கள் அவ்வாறு கூறியதுண்டு. அவர்களுக்கு விடையிறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் அவ்வில்லை எனக்குக் கற்பித்ததைச் சொல்லும்போது ஒரு விடையும் உடன் கிடைக்கக்கூடும்.

அது என் பெரியப்பாவின் வில்லை. வலிகாமத்துச் சிறுபட்டினம் ஒன்றில் அவர் நெடுங்காலம் ஸ்ரூடியோ நடத்தியவர். கலியாணம், சாமத்தியச் சடங்கு, கோயிற்றேர் என்று வெளியே படமெடுக்கச் செல்லும்போது அவர் தோளிலே தொங்கியது யப்பானிய அசாகி பென்டக்ஸ் ஸ்பொட்மற்றிக் கமரா. அதனோடு வந்ததே 50 மில்லிமீற்றர் குவியத் தூரமும் 1.4 துவாரமும் கொண்ட சுப்பர் டக்குமார் வில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, பெரியப்பாவும் பெரியம்மாவும் அந்த நெரிசலிலே நடந்தனர். அவர் கொண்டுவந்தது ஒரு துணிப்பையும் அதனுள் இருந்த அந்தக் கமராவுமே. நெகற்றிவ்கள் யாவும் பிஸ்கற் பேணிகளில் அடுக்கியபடி ஸ்ரூடியோவிலேயே இருந்துவிட்டன. அடுத்த ஆண்டு திரும்பிச் சென்றபோது கூரை இருக்கவில்லை. மழையும் கறையானும் தம் வேலையை முடித்திருந்தன. ஊராரின் முகங்களையெல்லாம் பதிந்து வைத்த மனிதரிடம் தம் மனைவியின் படமொன்றுகூட எஞ்சவில்லை.

பின்னர் கமராவின் துணித்திரை இறுகிச் செயலற்றுப் போயிற்று. குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பெரியப்பாவின் பார்வையையும் படிப்படியாகக் கவர்ந்துகொண்டது. நான் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஆண்டில் அவர் அந்தத் துணிப்பையை என்னிடம் தந்தார். “கமரா செத்துப்போச்சுது தம்பி. லென்ஸ் இன்னும் சாகேல்லை” என்றார்.

சாகவில்லையே தவிர, அது நோயுற்றிருந்தது. வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தபோது கண்ணாடி சாயத் தேநீர்போல் மஞ்சள் பாரித்திருந்தது. ஓரத்திலே பூஞ்சணம் சிலந்தி நூல்போற் படர்ந்திருந்தது. மஞ்சள் நிறத்தை மூப்பின் அழுக்கென்றே நான் முதலிற் கருதினேன். உண்மை வேறாயிருந்தது. ஒளியைக் கூடுதலாக முறிக்கும் கண்ணாடி வேண்டி, அக்கால வில்லை செய்வோர் சிலர் அதனுள்ளே தோரியம் ஒட்சைட்டைச் சேர்த்தனர். ஏழு கண்ணாடிகள் கொண்ட இந்த டக்குமாரும் அவ்வகையினது. தோரியம் கதிர்த்தொழிற்பாடுடைய மூலகம். அதன் கதிர்கள் பல்லாண்டுக் காலத்தில் தம்மைத் தாங்கிய கண்ணாடியையே நிறங்கெடச் செய்துவிடுகின்றன. சாதாரண பாவனையில் இதனால் அஞ்சத்தக்க தீங்கில்லை எனினும் அக்கண்ணாடியை உரைத்தலும் உடைத்தலும் ஆகாது. இதற்கு மருந்து ஊதாக்கடந்த கதிர்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. வில்லையின் பின்புறத்தை ஈயத்தாளால் மூடி, முன்புறம் வெயில் பார்க்க யன்னலோரத்தில் ஐந்து வாரங்கள் வைத்தேன். தேநீர் நிறம் மெல்ல மெல்ல வைக்கோல் நிறமாயிற்று. பின்னர் அதுவும் மங்கிற்று. பூஞ்சணத்தைக் கொழும்பிலே பழுது பார்ப்பவர் ஒருவர் துடைத்தெடுத்தார். மேற்பூச்சில் அது அரித்த தழும்பு மாத்திரம் இன்றும் உண்டு.

அப்போது என்னிடம் இருந்தது சிறு உணரியுடைய டிஜிற்றல் கமரா. மெல்லிய வளையமொன்றின் துணையுடன் வில்லை அதிற் பொருந்திற்று. ஆனாற் படம் நெருக்குண்டு தோன்றியது. காரணம் எளியது. வில்லை தன் பின்னே ஒரு வட்டமாகவே ஒளியை வீழ்த்துகின்றது. 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட பிலிம் சட்டத்தை நிரப்புவதற்கென்றே அவ்வட்டம் கணிக்கப்பட்டது. என் கமராவின் உணரியோ ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் நீளமும் 15 மில்லிமீற்றர் அகலமுமே உடையது. ஆகவே அது வட்டத்தின் நடுப்பகுதியை மாத்திரம் வெட்டியெடுத்துக்கொண்டது. 50 மில்லிமீற்றர் வில்லை 80 மில்லிமீற்றர் வில்லைபோல் நடந்துகொண்டது. வீட்டு விறாந்தையில் ஒருவரை இருத்திப் படமெடுக்க நான் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டியதாயிற்று. இதனைப் பெரியப்பாவிடம் விளக்கியபோது அவர் சிறிது யோசித்து, “அப்ப நீ வீடு முழுக்கப் பாக்கேல்லை; நடு அறையை மட்டும்தான் பாத்திருக்கிறாய்” என்றார். அதனிலும் தெளிவான விளக்கத்தை நான் எந்நூலிலும் படித்ததில்லை.

முழுச்சட்ட உணரியும் கண்ணாடியில்லா உடலும் ஒருங்கே அமைந்த கமராக்கள் பரவிய பின்னரே அந்த வீட்டின் மற்றைய அறைகள் எனக்குத் திறந்தன. 2013 இல் சோனி நிறுவனம் வெளியிட்ட ஏ7 கமரா இவ்வகையில் ஒரு திருப்பம் எனலாம். பழைய கமராக்களில், வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே சாய்ந்த முகம்பார்க்கும் கண்ணாடியொன்று எழுந்து விழுவதற்கு இடம் விடவேண்டியிருந்தது. 1949 இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துக் கொன்ரக்ஸ் எஸ் கமராவோடு வழக்கிற்கு வந்த 42 மில்லிமீற்றர் திருகுப் பொருத்தில் அவ்விடைவெளி 45.46 மில்லிமீற்றர். என் வில்லையும் அத்திருகினதே. கண்ணாடி நீங்கிய சோனி உடலிலோ இடைவெளி 18 மில்லிமீற்றர் மாத்திரமே. எஞ்சிய 27.46 மில்லிமீற்றரை வெறும் உலோகக் குழாயொன்று நிரப்பிவிடுகின்றது. அக்குழாயினுள்ளே கண்ணாடி எதுவுமில்லை, காற்றுத்தான் உண்டு.

இந்த வெறுங்குழாய் பல அநாதைகளுக்கு வீடு கொடுத்தது. 1987 இல் கனொன் நிறுவனம் தன் பழைய எஃப்டி பொருத்தைக் கைவிட்டுப் புதிய ஈஎஃப் பொருத்துக்கு மாறியது. பழையதன் இடைவெளி 42 மில்லிமீற்றர். புதியதன் இடைவெளி 44. அந்த 2 மில்லிமீற்றர் வேறுபாட்டினால், இடையிலே வேறொரு கண்ணாடி வைத்தாலன்றிப் பழைய வில்லைகள் புதிய உடல்களில் தொலைவைத் தெளிவாகக் காணமாட்டாதவையாயின. அவையும் இன்று குருடு நீங்கி மீண்டும் காண்கின்றன.

பழைய கைக்கருவி வளையத்துக்குப் பழகுதல் எளிதன்று. கமராவுக்கும் வில்லைக்கும் இடையே பேச்சுவார்த்தை கிடையாது. வில்லை பூட்டப்பட்டிருப்பதையே கமரா அறியாது. துவாரத்தையும் குவியத்தையும் நாமே தீர்மானித்தல் வேண்டும். 1.4 துவாரத்தில், ஏழு அடியில் நிற்கும் ஒருவரின் படத்திலே தெளிவு நிற்கும் ஆழம் ஏறத்தாழ அரை அடிதான். அவர் மூச்சுவிட்டுச் சற்றே முன்சாய்ந்தாலும் கண் மங்கிக் காது தெளிந்துவிடும். முதல் நாள் நான் எடுத்த நாற்பது படங்களில் ஆறே தேறின. காண்சட்டத்தில் காட்சியைப் பெருப்பித்துப் பார்க்கும் வசதியும், தெளிந்த விளிம்புகளை நிறமிட்டுக் காட்டும் வசதியும் புதிய கமராவில் உண்டு. அவை பெரிதும் உதவுகின்றன. எனினும் ஓடும் பிள்ளைகளையும் மேடை நடனத்தையும் எடுக்க விரும்புவோர் புதிய வில்லையையே நாடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒளியை எதிர்நோக்கினால் என் வில்லை வெளிறுகின்றது. துவாரம் அகன்றிருக்கையில் ஓரங்கள் குழைகின்றன. இக்குறைகளை அழகென்று கொண்டாடும் கூட்டத்தாரோடு நான் முற்றாக உடன்படுவதில்லை. குறை குறையே. நான் பெற்ற பயன் வேறு: எதிரே உள்ளவரிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்கின்றேன் என்பதை அறியாமல் இவ்வில்லையால் ஒரு படமும் எடுக்க முடியாது.

இதன் முழுப் பொருளும் சென்ற ஆண்டு ஒரு பிற்பகலிலேதான் எனக்கு விளங்கிற்று. விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த பெரியப்பாவின் கையில் கமராவைக் கொடுத்தேன். அவர் உடலைப் பொருட்படுத்தவில்லை. விரல்கள் நேரே வில்லைக்குச் சென்றன. குவிய வளையத்தை ஓர் எல்லைவரை திருப்பி, அங்கிருந்து சிறிது மீட்டார்.

“எங்கை நிக்கிறாய் தம்பி?”

“உங்களுக்கு முன்னாலைதான் பெரியப்பா.”

“கதைச்சுக்கொண்டு நில்.”

நான் எதையோ கதைத்தேன். அவர் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார். “ஏழு அடி” என்றார். துவார வளையத்தின் சொடுக்கொலியை எண்ணி எட்டிலே நிறுத்தினார். நான் பார்த்தபோது தூர அளவில் ஏழு அடிக் கோடு நடுக்குறிக்கு நேராக நின்றது. கமராவைக் கண்ணுக்கு உயர்த்தினார். காணாத கண்ணுக்கு ஏன் உயர்த்தினார் என்று அவரும் எண்ணியிருக்கமாட்டார். கை பழகிய வழி அது. ஒரு படந்தான் எடுத்தார்.

சட்டம் சரிந்திருந்தது. என் தலையின் உச்சி வெட்டுண்டிருந்தது. ஆனால் என் முகம் தெளிவாக இருந்தது. படத்தின் இடது ஓரத்தில், கதவு நிலையைப் பிடித்தபடி, நாங்கள் இருவரும் அறியாமல் வந்து நின்ற பெரியம்மா இருந்தார். ஈரக்கையைச் சேலைத் தலைப்பிலே துடைத்தவாறு அவர் பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு உணரியாயின் அந்த ஓரம் வெட்டுண்டு போயிருக்கும்.

படத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பெரியம்மாவைப் பற்றிச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார்.

“தெளிவா விழுந்திருக்கிறாவோ?”

“கொஞ்சம் மங்கல் பெரியப்பா.”

“எவ்வளவு தூரத்திலை நிண்டவ?”

“பன்னிரண்டு அடி இருக்கும்.”

“அப்ப தெளியாது. ஏழிலை வைச்சு எட்டுக்கு மூடினால் ஒன்பது அடிக்குக் கிட்டத்தான் நிக்கும்” என்றவர், சற்றுப் பொறுத்து, “சொல்லியிருந்தால் பன்னிரண்டிலை வைச்சிருப்பன்” என்றார்.

பின்னர் நான் கணித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தெளிவின் எல்லை ஒன்பது அடிக்குச் சற்று உள்ளேயே முடிகின்றது. பெரியம்மாவுக்குப் படத்தைக் காட்டியபோது, வீட்டுச் சேலையோடு தம்மை எடுத்துவிட்டதாகக் குறைப்பட்டார். ஆயினும் அடுத்த முறை நான் சென்றபோது, அது அச்சிடப்பட்டுக் கண்ணாடிச் சட்டத்தினுள் சுவரிலே தொங்கிற்று. அவர் எடுத்த பெரியம்மாவின் படம் என்று இவ்வுலகில் இருப்பது அது ஒன்றே.

நண்பர்கள் இன்னும் கேட்கின்றனர். தானாகவே கண்ணைத் தேடும் வில்லைகள் இருக்க இது எதற்கு என்று. அந்தக் கேள்வி நியாயமானதே. எனக்கோ, ஒருவரைப் படமெடுக்குமுன் அவர் எங்கே நிற்கின்றார் என்று கேட்கும் வழக்கம் வந்துவிட்டது. நடுவிலிருப்பவரைக் கேட்டதன் பின், ஓரத்தில் யாரும் நிற்கின்றனரா என்றும் பார்க்கின்றேன்.